மானியத்தை வாங்குங்கள், தெருவின் பெயரையும் சொல்லுங்கள்

கலிஃபோர்னியாவின் நகர மன்றங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் ஒரு தீர்மானம் வருகிறது. போக்குவரத்து விதிகளைக் கறாராக அமல்படுத்த நகரக் காவல் துறைக்கு மாநில அரசு தரும் மானியத்தை ஏற்றுக்கொள்வதாக மன்றம் முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலும் இது 'கன்சென்ட் காலண்டர்' என்னும் மொத்த ஒப்புதல் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, தார் போடும் ஒப்பந்தம், பூங்காப் பராமரிப்பு என்று வரிசையாக உள்ளவற்றோடு இதுவும் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். விவாதம் கிடையாது. வெளியிலிருந்து வரும் பணம், நகரத்தின் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை, பேச என்ன இருக்கிறது என்பது மன்றத்தினரின் எண்ணம்.

இந்தப் பணம் வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால், பேசாமல் வாங்கக் கூடாது. எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எந்தத் தவறைத் தடுக்க இதைச் செலவழிக்கப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மன்றம் கை தூக்க வேண்டும்.

நான் மதுரைக்காரி. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் குடியிருக்கிறேன். மருத்துவமனையின் மீள்பயிற்சிப் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். சாலையில் அடிபட்டவர்கள் அறுவை சிகிச்சை முடிந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு எங்களிடம் வருகிறார்கள். செய்தித்தாளில் 'காயமடைந்தார்' என்ற ஒரே சொல்லோடு முடிந்துபோகும் ஆட்கள் இவர்கள்.

காரின் முன்பக்கம் ஒருவரது முழங்காலுக்குச் சற்றுக் கீழே மோதினால், கெண்டைக்கால் எலும்பின் மேல்தட்டு நொறுங்குகிறது. தகடும் திருகும் வைத்துச் சேர்ப்பார்கள். அதன் பிறகு பல வாரங்களுக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. அதற்குள் தொடைச் சதை வற்றிப்போகும். முட்டி மடங்காது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, கையால் பிடித்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்கச் சொல்லும்போது, அறுபது வயது மனிதர் நடுங்குவார். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொடுப்போம். தலையில் அடிபட்டவர்கள் நிலை இன்னும் சிரமம். பார்க்க நன்றாக இருப்பார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவார், பேரப்பிள்ளை சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொள்வார். அந்தக் குடும்பத்தின் வேலை, வருமானம், தூக்கம் எல்லாம் மாறிப்போகும்.

ஆகவே, வேகத்தைக் குறைக்க, குடித்துவிட்டு ஓட்டுபவரைத் தடுக்க எவர் பணம் கொடுத்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தப் பணம் சரியான இடத்துக்குப் போகிறதா என்ற கவலையும் அதனால்தான்.

போலீஸ் நகரத்துடையது

தமிழ்நாட்டில் போக்குவரத்துக் காவலர் மாநில அரசின் ஊழியர். மாநகராட்சி மன்றத்துக்கு அவர்மீது அதிகாரம் இல்லை. இங்கே அப்படியில்லை. பெரும்பாலான நகரங்களில் காவல் துறை நகர நிர்வாகத்தின் ஒரு பிரிவு. காவலர்களின் சம்பளம், வண்டி, ஓவர்டைம் அத்தனையும் நகர மன்றம் வாக்களித்து ஒதுக்கும் பட்ஜெட்டிலிருந்து வருகின்றன. அதனால்தான் வெளியிலிருந்து வரும் மானியத்தையும் மன்றம் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டியிருக்கிறது. கணக்குக் கேட்கும் உரிமையும் மன்றத்துக்கு உண்டு. மன்றத்தினருக்கு வாக்களிக்கும் நமக்கும் உண்டு.

இந்தப் பணத்தின் ஊற்று வாஷிங்டனில் இருக்கிறது. 1960-களின் நடுவில் அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். 1966-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் சாலைப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலங்கள் சாலைப் பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும், மத்திய அரசு பணம் தரும் என்ற ஏற்பாடு அப்போது தொடங்கியது. இன்று தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் தரும் நிதியைக் கலிஃபோர்னியாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அலுவலகம் வாங்கி, விண்ணப்பிக்கும் நகரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. மானிய ஆண்டு அக்டோபர் 1-ல் தொடங்கி செப்டம்பர் 30-ல் முடியும்.

பணத்தின் பெரும்பகுதி காவலர்களின் ஓவர்டைமுக்குப் போகிறது. குடிபோதை சோதனைச் சாவடி, குடித்துவிட்டு ஓட்டுபவர்களைத் தேடும் கூடுதல் ரோந்து, கையில் செல்போன் வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களைப் பிடிக்கும் நாள், நடப்பவர்கள், சைக்கிள்காரர்களின் பாதுகாப்புக்கான கண்காணிப்பு, காவலர்களுக்குப் பயிற்சி என்று பிரித்திருப்பார்கள். நகரம் தன் வழக்கமான செலவை இந்தப் பணத்தில் ஈடுகட்டிக்கொள்ள முடியாது. கூடுதலாகச் செய்யும் வேலைக்கு மட்டும்தான்.

ஏன் வேண்டும்

2023-ல் அமெரிக்கச் சாலைகளில் இறந்தவர்கள் 40,901 பேர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் குடிபோதை ஓட்டுநர் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இறந்தார்கள். வேகம் காரணமான விபத்துகளில் இறந்தவர்கள் 11,000-க்கும் மேல். கலிஃபோர்னியாவில் மட்டும் அந்த ஆண்டில் 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சட்ட அமலாக்கம் பயன் தருமா என்று கேட்பவர்களுக்கு சீட் பெல்ட்டைக் காட்டலாம். 1994-ல் அமெரிக்காவில் முன் இருக்கையில் பெல்ட் போட்டவர்கள் நூற்றுக்கு 58 பேர். இப்போது நூற்றுக்கு 90-ஐத் தாண்டிவிட்டது. சட்டம் வந்தது, விளம்பரம் செய்தார்கள், பிறகு காவலர்கள் நிறுத்தி அபராதம் போட்டார்கள். மூன்றும் சேர்ந்துதான் பழக்கம் மாறியது.

அமலாக்கம் நின்றுபோன ஊரையும் பார்த்துவிட்டோம். சான் பிரான்சிஸ்கோ 2014-ல் சாலை மரணமே இல்லாத நகரமாவோம் என்று உறுதி எடுத்தது. பத்தாண்டு கெடு வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு காவலர்கள் கொடுத்த போக்குவரத்து அபராதச் சீட்டுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2022-ல் அது சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. கெடு முடிந்த 2024-ல் அந்நகரச் சாலைகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அமலாக்கக் குறைவு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், தவறு செய்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம் ஓட்டுநர்களுக்கு வந்துவிட்டால், சாலையில் நடப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை.

வேகத்தின் கணக்கு என் வேலையில் தினமும் கண்ணில் படுகிறது. அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மணிக்கு 23 மைல் வேகத்தில் கார் மோதினால் நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு 10 சதவீதம். 42 மைலில் 50 சதவீதம். முன்னது 37 கிலோமீட்டர், பின்னது 68 கிலோமீட்டர். கொஞ்சம் அவசரப்பட்டு மிதித்தால் ஒரு ஓட்டுநர் எட்டிவிடும் வித்தியாசம் இது.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதில் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள். ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ரமோன் பக்கம் மாலையில் போய்ப் பாருங்கள். மகனையோ மகளையோ பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள் ஸ்வெட்டரும் கேன்வாஸ் ஷூவுமாக நடந்துகொண்டிருப்பார்கள். ஊரில் சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்புறம் பார்த்துப் பழகியவர்கள். இங்கே வண்டி இடப்புறத்திலிருந்து வரும். சிவப்பு விளக்கு எரியும்போதே வண்டி நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம் என்பது இங்கத்திய விதி. அப்படித் திரும்பும் ஓட்டுநர் வண்டி வருகிறதா என்று இடப்புறமே பார்த்துக்கொண்டிருப்பார். வலப்புறமிருந்து நடைபாதையைவிட்டு இறங்கும் பெரியவர் அவர் கண்ணில் படமாட்டார். நிற்காமல் திரும்பும் வண்டிகளை ஒரு சந்திப்பில் சில வாரம் தொடர்ந்து நிறுத்திக் கேட்டால், அந்தச் சந்திப்பில் பழக்கம் மாறும். மானியப் பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

தவறான இடத்துக்குப் போன கதை

இந்தப் பணம் திசைமாறியதும் உண்டு. கலிஃபோர்னியாவில் குடிபோதை சோதனைச் சாவடிகள் குறித்து, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் புலனாய்வு இதழியல் பிரிவும் 'கலிஃபோர்னியா வாட்ச்' அமைப்பும் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. முந்தைய ஆண்டில் சாவடிகளில் பறிமுதலான வண்டிகள் 24,000-க்கும் அதிகம். குடித்து ஓட்டியதற்காகக் கைதானவர்களோ சில ஆயிரம் பேர்தான். வண்டியை இழந்தவர்களில் பெரும்பாலோர் குடிக்காதவர்கள். லைசென்ஸ் இல்லை என்பதே குற்றம். குடியேற்ற ஆவணம் இல்லாததால் அன்றைய சட்டப்படி லைசென்ஸ் வாங்கவே முடியாதவர்கள் அவர்களில் ஏராளம். ஒரு மாதம் வரை வண்டியை வைத்துக்கொண்டு, இழுத்துப்போன கூலி, நிறுத்திவைத்த வாடகை என்று வசூலித்தார்கள். தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற குடும்பத்துக்கு அந்த வண்டிதான் பிழைப்பு.

அதன் பிறகு சட்டம் மாறியது. குடிக்காத ஓட்டுநரிடம் லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சாவடியில் வண்டியைப் பறிமுதல் செய்யக் கூடாது என்று 2012 முதல் நடைமுறை வந்தது. 2015 முதல் ஆவணம் இல்லாதவர்களும் லைசென்ஸ் பெறலாம் என்றானது. பறிமுதல் நின்றது நல்லது. ஆனால், கைதைவிடப் பல மடங்கு பறிமுதல் நடந்தபோது நகர மன்றங்கள் ஆண்டுக்கு ஆண்டு மானியத்தை மட்டும் ஏற்றுக்கொண்டே இருந்தன. கேட்க வேண்டியவர்கள் கேட்டிருந்தால், அதைக் கண்டுபிடிக்கப் பத்திரிகையாளர்கள் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள்.

நிறத்தைப் பார்த்து நிறுத்துவது இன்னொரு பிரச்சினை. 2015-ல் வந்த மாநிலச் சட்டப்படி, காவலர்கள் நிறுத்தும் ஒவ்வொருவரைப் பற்றியும் பதிவு செய்து அரசுக்கு அனுப்ப வேண்டும். மக்கள்தொகையில் கறுப்பினத்தவரின் பங்கைவிட, நிறுத்தப்படுவோரில் அவர்களின் பங்கு கூடுதல் என்பதை அந்தப் பதிவுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. ஏன் நிறுத்தினேன் என்பதைக் கேள்வி கேட்கும் முன்பே காவலர் சொல்ல வேண்டும் என்ற விதி 2024 முதல் இருக்கிறது. மானியப் பணத்தில் கூடுதலாக நடக்கும் ரோந்தும் இந்தக் கணக்குக்குள் வருகிறது. ஆகையால், பணத்தை ஏற்கும் மன்றம் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அபராதப் பணத்துக்காக நகரம் இதைச் செய்கிறது என்று பலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. சாதாரண வேக மீறலுக்கு அடிப்படை அபராதம் 35 டாலர். மாநிலமும் மாவட்டமும் விதிக்கும் கூடுதல் தொகைகள் ஏறி 200 டாலரைத் தாண்டிவிடும். அதில் நகரத்துக்கு வருவது சிறு பங்குதான். இத்தனை சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று காவலருக்கு இலக்கு வைப்பதையும் மாநிலச் சட்டம் தடுக்கிறது.

நீதிமன்றம் சொன்னதே போதும்

சோதனைச் சாவடி எப்படி நடக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1987-லேயே ஒழுங்கு வகுத்துக் கொடுத்திருக்கிறது. எங்கே போடுவது என்பதை மேலதிகாரி முடிவுசெய்ய வேண்டும், அங்கே நிற்கும் காவலர் அல்ல. குடிபோதை விபத்துகளோ கைதுகளோ மிகுந்த சாலையாக இருக்க வேண்டும். எல்லா வண்டியையுமோ, மூன்றாவது வண்டி, ஐந்தாவது வண்டி என்று ஒரு கணக்கு வைத்தோ நிறுத்த வேண்டும். ஆளைப் பார்த்து நிறுத்தக் கூடாது. முன்கூட்டியே அறிவிப்பது நல்லது. தூரத்திலிருந்தே தெரியும்படி பலகையும் விளக்கும் இருக்க வேண்டும். ஓட்டுநரை நீண்ட நேரம் காக்கவைக்கக் கூடாது.

இந்த ஒழுங்கோடு நடக்கும் சாவடியைக் கடந்துபோனவர்களுக்குத் தெரியும். ஆரஞ்சு நிறக் கூம்புகள் வண்டிகளை ஒற்றை வரிசையாக்கும். ஜெனரேட்டரில் எரியும் பெரிய விளக்கின் வெளிச்சத்தில் காவலர் குனிந்து வணக்கம் சொல்வார், லைசென்ஸைப் பார்ப்பார், கண் சிவந்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, மது வாடை வருகிறதா என்று கவனிப்பார். சந்தேகம் இல்லையென்றால் போகச் சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் மட்டும் ஓரமாக நிறுத்தி மேற்கொண்டு சோதிப்பார்.

   

ஒரு சாவடிக்கு இடமும் காரணமும் வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே ஒழுங்கை முழு மானியத்துக்கும் வைப்பதில் என்ன தடை? மானிய ஒப்பந்தங்களில் இத்தனை சாவடி, இத்தனை ரோந்து என்று எண்ணிக்கை இருக்கிறது. விபத்து மிகுந்த இடங்களில் நடத்த வேண்டும் என்ற வாசகமும் இருக்கிறது. ஆனால், நான் படித்துப் பார்த்த மன்ற அறிக்கைகளில் தெருவின் பெயர் இல்லை. ஆண்டு முடிந்த பிறகு அந்தத் தெருவில் அடிபட்டவர்கள் குறைந்தார்களா என்ற பதிலும் இல்லை.

மன்றத்திடம் நான் கேட்பது மூன்று.

முதலாவது, தீர்மானத்தோடு தெருப் பட்டியலை இணையுங்கள். இதற்குப் புதிதாக ஆய்வு எதுவும் வேண்டாம். பெர்க்லி பல்கலைக்கழகம் நடத்தும் விபத்துக் காய வரைபடத்தில் கலிஃபோர்னியாவின் எந்த ஊரிலும் எந்தச் சந்திப்பில் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எங்களிடம் சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் அடிபட்ட இடங்கள் அந்தப் படத்தில் ஏற்கெனவே புள்ளிகளாக இருக்கின்றன. அகலமான, வேகமான, பேருந்து நிறுத்தமும் கடைகளும் உள்ள பெரிய சாலைகள் அவை.

இரண்டாவது, ஆண்டு முடிவில் வெளிப்படையான அறிக்கை வையுங்கள். எத்தனை சீட்டு என்பது போதாது. எங்கே, எந்தத் தவறுக்கு, எந்தச் சமூகத்தினரை நிறுத்தினார்கள், அந்தச் சாலையில் காயங்கள் குறைந்தனவா என்று சொல்லுங்கள். பதிவு காலாவதியான, லைட் எரியாத வண்டிகளை நிறுத்துவதிலேயே ஓவர்டைம் கரைந்திருந்தால் அது தெரிய வேண்டும்.

மூன்றாவது, காவலர் போன பிறகும் வேலை செய்யும் மாற்றங்களைச் சாலையில் செய்யுங்கள். மானியம் ஓராண்டோடு முடிகிறது. ரோந்து வண்டி அடுத்த தெருவுக்குப் போனால் வேகம் திரும்பி வந்துவிடும். சாலை நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு, வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்குச் சில நொடி முன்னதாக நடப்பவருக்கு வழிவிடும் சிக்னல், நல்ல தெருவிளக்கு ஆகியவை இரவு பகலாக அங்கேயே இருக்கும். கடக்கும் இடத்திலிருந்து 20 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்ற மாநில விதி 2025 முதல் அபராதத்தோடு அமலில் இருக்கிறது. அந்த 20 அடிக்குச் சிவப்புச் சாயம் பூசுவதற்குப் பெரிய செலவில்லை. சாலைப் பாதுகாப்புக்கென்றே 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டம் ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. உள்ளாட்சிகள் நேரடியாக விண்ணப்பிக்கும்படி அந்த நிதி வகுக்கப்பட்டது. ஃப்ரீமாண்ட் நகரம் 2015-லேயே மரணமில்லாச் சாலை என்ற கொள்கையை ஏற்று, தெருவிளக்குகளை மாற்றுவதிலும் கடக்கும் இடங்களைச் சீரமைப்பதிலும் இறங்கியது. சான் பிரான்சிஸ்கோ 2025-ல் 33 இடங்களில் வேகக் கேமரா வைத்தது. கேமரா ஓட்டுநரின் நிறத்தைப் பார்ப்பதில்லை. அபராதம் 50 டாலரில் தொடங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு. வரும் பணத்தில் கேமராச் செலவு போக மிச்சம் சாலைகளில் வேகத்தைக் குறைக்கும் பணிகளுக்கே போக வேண்டும் என்பது சட்டம்.

இங்கு வாழும் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும், பொதுமக்கள் பேச இடம் தர வேண்டும் என்று இந்த மாநிலத்தின் சட்டம் சொல்கிறது. குடியுரிமை இல்லாதவரும் பேசலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மாவும் பேசலாம். போக்குவரத்து மானியம் என்ற வரி பட்டியலில் இருந்தால், அதைத் தனியாக எடுத்து விவாதிக்கும்படி உங்கள் வட்டாரத்து உறுப்பினருக்கு முந்தின நாளே எழுதுங்கள். கூட்டத்துக்குப் போய், உங்கள் வீட்டருகே நடப்பவர் பயப்படும் சந்திப்பின் பெயரைச் சொல்லி, அங்கே காவலர் எப்போது வருவார், சாலை எப்போது மாறும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு ஆண்டும் கேளுங்கள்.